கவர்னர் வீட்டுச் சங்கதிகளை எழுதி வைத்த துபாசி

2025 மார்ச்சில் அமெரிக்காவின் சிக்னல் குழு விவகாரம் வெளிவந்த கிழமை, எங்கள் வேலைத்தலத்தில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை எண்டே சொல்லலாம். யேமன் மீதான தாக்குதலைப் பற்றி ஜனாதிபதியின் ஆட்கள் தங்களுக்குள் கதைத்த குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் ஐ.டி. ஆட்கள், எங்களுக்கு இது திருவிழா மாதிரி. யார் சேர்த்தது, எந்த போனில், ஏன் அரசாங்க வழியை விட்டு இந்த வழி எண்டு மத்தியானச் சாப்பாடு முழுக்க அதே கதை.

எனக்கு ஒன்று பிடிபட்டது. குண்டு எங்கே விழப்போகிறது என்பதை விட, அந்தப் பெரிய மனிதர்கள் தங்களுக்குள் எப்படிக் கதைக்கிறார்கள் என்பதைத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து வாசித்தோம். யார் யாருக்குப் பணிகிறார், யார் யாரைக் குறை சொல்கிறார், தலைவரின் மனம் இதுதான் எண்டு யார் முடிவு கட்டுகிறார். அறிக்கைகளில் இதெல்லாம் வராது.

அன்றைக்குப் பின்னேரம் ஸ்ரௌவ்வில் திரும்பும் கோ ரயிலில் இருந்தபோதுதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட 290 வருடங்களுக்கு முன்பு ஒரு ஆட்சித் தலைவரின் வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு தமிழன் தமிழில், நாள் போட்டு, 25 வருடம் எழுதி வைத்திருக்கிறான். எங்களில் பலருக்கு அந்தப் பெயர் பிரபஞ்சனின் நாவல்கள் வழியாகத் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். பிறகுதான் ஆங்கில மொழிபெயர்ப்பின் ஸ்கேன் பிரதிகளைத் தேடி, ரயிலில் போக வர வாசிக்கத் தொடங்கினேன். மொத்தம் 12 தொகுதிகள். எல்லாம் முடித்தேன் எண்டு பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளை பிறந்தது 1709 மார்ச் 30, சென்னை பெரம்பூரில். மாமன் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகர். அவர் கூப்பிட்டுத்தான் தகப்பன் திருவேங்கடம் பிள்ளையின் குடும்பம் புதுச்சேரிக்குப் போனது. தரகர், துபாசி என்ற பெயர்களைப் பார்த்து ஏதோ சின்ன உத்தியோகம் எண்டு நினைக்க வேண்டாம். கம்பெனிக்கு வேண்டிய துணியை நெசவாளர்களிடம் பேசி வாங்குவது, உள்ளூர் வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுப்பது, அரசர்களுக்குக் கடிதம் போடுவது, ஊருக்குள் என்ன நடக்கிறது எண்டு கவர்னருக்குச் சொல்வது, எல்லாம் இந்த ஒரு ஆளின் கையில்தான். துபாசி எண்டால் இரண்டு பாஷை தெரிந்தவன். இரண்டு பக்கமும் அவனில்லாமல் ஒன்றும் நகராது. இரண்டு பக்கமும் அவனைச் சந்தேகிக்கும்.

பிள்ளையின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள அவருக்கு 7 வயதில் நடந்ததில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1716-ல் கவர்னர் எபேர் நைனியப்பரைப் பிடித்துச் சிறையில் போட்டார். ஊரில் கலகம் மூட்டினார், அதிகாரத்தைத் தப்பாகப் பாவித்தார் என்பது குற்றச்சாட்டு. பாதிரிமாரில் ஒரு பகுதிக்கும் அவர் மேல் கோபம், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருக்கிறாரே எண்டு. வழக்கு நடந்த விதம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சாட்சிகள் தமிழில் சொன்னது பிரெஞ்சுக் காகிதத்தில் ஏறியது. வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இடையில் நின்று மொழிபெயர்த்தவர்களும் பகைக் கூட்டத்தோடு ஒட்டியவர்கள். தன் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சொல்லை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குக் கொண்டுபோன மனிதர், கடைசியில் இன்னொருவரின் மொழிபெயர்ப்பில் குற்றவாளியானார். கடைத்தெருவில் வைத்து 50 கசையடி, சொத்துப் பறிமுதல், 3 வருடச் சிறை. 1717-ல் சிறைக்குள்ளேயே செத்துப்போனார். அதே வழக்கில் பிள்ளையின் தகப்பனும் பிடிபட்டார்.

நைனியப்பரின் மகன் குருவப்பா கப்பலேறி பிரான்சுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, பெரிய இடங்களைப் பார்த்து, தகப்பனின் தண்டனை பிழை எண்டு தீர்ப்பை மாற்றுவித்து, அரசரின் வீர விருதொன்றோடு திரும்பி, தகப்பனின் பதவியிலும் இருந்தார். 1724-ல் இளம் வயதிலேயே காலமானார். அதற்குப் பிறகு அந்தப் பதவி கனகராய முதலியார் என்ற கிறிஸ்தவரிடம் போனது. பிள்ளை 20 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்தார் எண்டால் சும்மா இருக்கவில்லை. 1726-ல் தகப்பன் இறந்த பிறகு கவர்னர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டை வியாபாரத்தைப் பார்க்க அனுப்பினார். அங்கே கெட்டிக்காரன் எண்டு பெயர் வாங்கினார். சொந்த வியாபாரமும் நடந்தது, ஆனந்தப்புரவி என்ற பெயரில் ஒரு கப்பலும் ஓடியது. 1736 செப்டெம்பர் 6-ஆம் தேதி, 27 வயதில், அந்தக் குறிப்பேட்டைத் தொடங்குகிறார். ஏன் தொடங்கினார் என்பதை நான் என் பாட்டுக்கு ஊகிக்கிறேன். தன் குடும்பத்தில் ஒருவரின் வாய்ச்சொல்லை இன்னொருவன் எழுதி, அந்த எழுத்தால் அந்த ஆளைக் கொன்றதைப் பார்த்த பிள்ளை அது. பிறகு என்ன செய்யும்? தானே எழுதி வைக்கும்.

எங்கட தொழிலில் இதற்கு லாக் எண்டு பேர். சிஸ்டம் ஒழுங்காக ஓடும் நாட்களில் ஒருவரும் அதைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். விழுந்த அன்றைக்குத்தான் தேடுவார்கள்.

பிள்ளையின் லாக் கொஞ்சம் விசித்திரமானது. தமிழ் வருடம், மாதம், தேதி, அதோடு ஐரோப்பியத் தேதி, கிழமை, எத்தனை மணி. கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி வேட்டு. யார் செத்தது, யார் வீட்டில் கலியாணம், ஜோசியன் என்ன சொன்னான். அவருடைய தமிழ் இலக்கணத் தமிழ் இல்லை. கதைக்கிற தமிழ். அதற்குள் தெலுங்கு, பார்சி, போர்த்துக்கேயம், பிரெஞ்சு எல்லாம் புகுந்து விளையாடும். பிரெஞ்சுக்காரரெல்லாம் முசேக்கள். எங்கட பிள்ளையள் தமிழுக்குள் இங்கிலிஷ் கலக்கிறதுகள் எண்டு கோபப்படுகிற பெரியவர்கள் இந்த மனிதரை ஒருக்கால் வாசிக்க வேண்டும்.

1742-ல் டூப்ளே கவர்னராக வந்தார். பிள்ளையின் குறிப்பேடு சூடு பிடிக்கிறதும் அங்கேதான். காலையில் கவர்னர் வீட்டுக்குப் போவார். ஊர்ச் சங்கதி, சென்னையில் ஆங்கிலேயன் என்ன செய்கிறான், ஆற்காட்டில் நவாப் என்ன நினைக்கிறார், எல்லாம் கேட்பார்கள். வந்த கடிதங்கள் வாசிக்கப்படும், பதில் கடிதங்களுக்கு வாசகம் சொல்லப்படும். பார்சியில் எழுத மதனானந்த பண்டிதர் எண்டு ஒருவர் இருந்தார். அதெல்லாம் முடிந்த பிறகு பிள்ளை தன் பாக்குக் கிடங்குக்குப் போவார். அதுதான் அவருடைய ஆபீஸ். வியாபாரிகள் வருவார்கள், ஒற்றர் வருவார்கள், முறைப்பாடு வரும், லஞ்சம் கொடுக்க வருபவர்களும் வருவார்கள்.

1746 பெப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். அடுத்த ஆள் யார் எண்டு ஊர் முழுக்க இழுபறி. முதலியாரின் தம்பிக்குக் கொடுக்க ஒரு கூட்டம், கிறிஸ்தவனுக்கே கொடுக்க வேண்டும் எண்டு பாதிரிமார், வேறு சிலருக்கு வேறு ஆசை. இதற்கு நடுவில் டூப்ளேயின் மனைவி மதாம் ழான். அவர் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் கதைப்பார். கவர்னருக்கு எல்லாம் துபாசி வழியாகத்தான் போக வேண்டும் என்பதுதானே பிள்ளையின் பலம். தமிழ் தெரிந்த மனைவி வீட்டுக்குள் இருந்தால் அந்தப் பலம் பாதியாகிவிடும். மதாம் தன் பாட்டில் ஒற்றர்களை வைத்திருந்தார், தன் பெயரிலேயே பாளையக்காரருக்கும் நவாப்மாருக்கும் கடிதம் போட்டார். ஒரே மாளிகையில் இரண்டு செய்தி வழி. இரண்டும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே ஓடும். பிள்ளையின் எழுத்தில் மதாம் வரும் இடமெல்லாம் நெருப்புப் பறக்கும். அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது, அது போட்டிக்காரனின் வாக்குமூலம். மதாமும் ஒரு குறிப்பேடு எழுதியிருந்தால் பிள்ளை அதில் எப்படித் தெரிந்திருப்பார் எண்டு நான் யோசிப்பதுண்டு. பதவி கடைசியில் பிள்ளைக்குத்தான் வந்தது.

அதே வருடம் செப்டெம்பரில் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைப் பிடித்தது. பிடித்தவர் லா பூர்தொன்னே. அவர் ஆங்கிலேயரிடம் 11 லட்சம் பகோடா வாங்கிக்கொண்டு கோட்டையைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டார். டூப்ளேயோ அதே சென்னையை நவாப் அன்வருதீனுக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருந்தார். மனதுக்குள் ஒருவருக்கும் கொடுக்கும் எண்ணம் இல்லை. புதுச்சேரியில் இருந்து போன கவுன்சில் ஆட்களை லா பூர்தொன்னே பிடித்து அடைத்தும் வைத்தார். ஒரே அரசருக்கு வேலை செய்கிற இரண்டு பெரியவர்கள் கடிதத்தில் அடிபடுகிறார்கள், நவாப்புக்குப் போகிற கடிதத்தில் மட்டும் எல்லாம் சுமுகம். அந்தச் சுமுகத்துக்குச் சொல் தேடிக் கொடுக்கிறவர் யார்? துபாசி. ஒக்டோபர் புயலில் லா பூர்தொன்னேயின் கப்பல்கள் நாசமாகி அவர் போனார். சென்னை டூப்ளேயின் கையில். ஏமாந்த நவாப் படை அனுப்பி, அடையாற்றங்கரையில் ஒரு சின்னப் பிரெஞ்சுப் படையிடம் தோற்றார். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இது துப்பாக்கியின் வெற்றி. பிள்ளையின் பக்கங்களில் அதற்கு முந்தைய கடிதங்களின் கதை இருக்கிறது.

இனி 1748. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்த ஓகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊருக்குள் வேதபுரீசுவரர் கோயில், யேசு சபைப் பாதிரிமாரின் சம்பாக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை இடிக்க வேண்டும் எண்டு பாதிரிமார் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். முந்தைய கவர்னர்கள் ஊர்க் குழப்பத்துக்குப் பயந்து விட்டிருந்தார்கள். முற்றுகைக் காலத்தில், செப்டெம்பர் தொடக்கத்தில், கவர்னர் மாளிகையில் முடிவு எடுக்கப்பட்டது. கோயில் இடிக்கப்பட்டது. ஊர்ச் சனம் ஓடி வந்தது பிள்ளையிடம்தான். கவர்னருக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தானே.

அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அல்லது செய்யவில்லை. நான் எத்தனை தரம் வாசித்தும் இதில் எது எண்டு எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. அவர் எழுதுகிறார், நீளமாக, வேதனையோடு. மதாமைக் குறை சொல்கிறார், பாதிரிமாரைக் குறை சொல்கிறார், ஒற்றுமையில்லாத ஊர்ப் பெரியவர்களையும் குறை சொல்கிறார். அவர் ராஜினாமாச் செய்யவில்லை. அடுத்த நாளும் கவர்னர் வீட்டுக்குப் போனார். ஒக்டோபரில் முற்றுகை நீங்கியபோது வெற்றிக் களிப்பிலும் இருந்தார்.

ஏன் எனக்கு இது இவ்வளவு உறுத்துகிறது எண்டால், நானும் ஒரு துபாசி. முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் என் உத்தியோகப் பெயர் வேறு, செய்தது இதுதான். ரொறன்ரோவில் மேலாளர்கள், சென்னையில் 14 பேர் கொண்ட ஒரு டீம். இரவு 9.30-க்கு நான் அழைப்பெடுப்பேன், அங்கே காலை 7 மணி. இவர்கள் சொல்வதை அவர்களுக்கு விளங்குகிற மாதிரி, அவர்கள் சொல்வதை இவர்களுக்கு நோகாத மாதிரி. தமிழ் தெரிந்ததால்தான் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் மீட்டிங்கில் அந்த டீமை 3 மாதத்தில் கலைப்பது எண்டு முடிவானது. அறிவிக்கும் வரை ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது எண்டும் சொன்னார்கள். அதே கிழமை சென்னையில் இருந்த ஒரு பெடியன், வேலை முடிந்த பிறகு லைனில் நின்று, வீட்டுக் கடன் எடுக்கப்போகிறேன் அண்ணா, ப்ராஜெக்ட் நிலவரம் எப்படி எண்டு கேட்டான். நான் ப்ராஜெக்ட் நல்லாத்தான் போகுது எண்டேன். கொஞ்சம் பொறுத்து எடுக்கலாமே எண்டு ஒரு சொல் கூடச் சொல்லவில்லை.

அன்றிரவு அதை ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதினேன். மேலாளர் சொன்னது, அவன் கேட்டது, நான் சொன்னது. எழுதினதும் மனம் கொஞ்சம் லேசானது. அதுதான் பயமாக இருக்கிறது. எழுதி வைப்பதால் ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வருகிறது. பிள்ளைக்கும் அந்த 1748 செப்டெம்பர் இரவில் அப்படித்தான் லேசாகியிருக்குமோ? நைனியப்பரைப் போல முடியக் கூடாது எண்டு எழுதத் தொடங்கிய கை, வாயை மூடிக்கொள்ளவும் அதே எழுத்தைப் பாவித்ததோ?

என்னுடைய இந்தக் கேள்வி அவருக்கு அநியாயமாகவும் இருக்கலாம். எனக்குப் போனால் வேலை போகும், அவ்வளவுதான். அவருக்குக் கடைத்தெருவும் கசையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

அடுத்த வருடங்கள் அவருடைய உச்சம். 1749-ல் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிப், முசபர் ஜங் என்று டூப்ளே கை காட்டியவர்கள் மேலே வந்தார்கள். முசபர் ஜங் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டம் கொடுத்தார். கவர்னர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் போகும் உரிமையும் அவருக்கு இருந்தது. புலவர்கள் அவர் மேல் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் நூல் பாடினார்கள். கவர்னர் தன்னைப் புகழ்ந்த நாட்களை அவர் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார், வாசிக்கச் சிரிப்பு வரும். நாங்களும் வருட முடிவு மதிப்பீட்டில் நல்ல வரி வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கிறோம்தானே.

1754-ல் பிரான்சிலிருந்து கொதெயே வந்து டூப்ளேயைத் திருப்பி அனுப்பினார். பிள்ளையின் நல்ல காலமும் அந்தக் கப்பலோடு போனது. உடம்பு சரியில்லை, கணக்குத் தகராறுகள் வேறு. 1756-ல் பதவியும் கையை விட்டுப் போனது. 1758-ல் வந்த லாலி ஊரையே வெறுக்க வைத்தார். மறுபடி முற்றுகை, இந்தத் தரம் பட்டினி. பிள்ளை எழுதுவதை நிறுத்தவில்லை. பதவி இல்லாதவனிடமும் ஊர்ச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்தச் சில நாட்களுக்குள் பிள்ளையும் இறந்தார், 52 வயது ஆக முன்பே. ஆங்கிலேயர் பிறகு ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கொப்பிகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு பிரதி எடுக்காவிட்டால் இன்றைக்கு நான் இதை எழுதவும் முடியாது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதியவனின் தமிழ் புத்தகமாக அச்சேறத் தொடங்கியது அதற்கும் பல வருடங்கள் கழித்துத்தான். துபாசியைப் பார்க்க இன்னொரு பாஷை வழியாகப் போக வேண்டியிருந்தது.

என் மகளுக்கு 9 வயது. போன மாதம் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனபோது நான் வாகனத்தைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு வர நேரமாகிவிட்டது. உள்ளே மகள்தான் பேத்தியாகவும் துபாசியாகவும் இருந்திருக்கிறாள். இங்கே வளர்ந்த எத்தனை பேர் 8 வயதில், 9 வயதில் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் எண்டு உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், வைத்தியர் சொன்னது எல்லாத்தையும் அப்பம்மாவுக்குச் சொன்னியா எண்டு கேட்டேன். கொஞ்சம் யோசித்து, எல்லாம் இல்லை, பயப்படுவா எண்டு விட்டுட்டேன் எண்டாள். விட்டது என்ன எண்டு கேட்டு, அன்றிரவே அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நானே சொன்னேன். அம்மா அவ்வளவு பயப்படவில்லை.

சென்னைப் பெடியன் கடன் எடுத்தான். டீம் கலைந்த பிறகு 5 மாதம் வேலை இல்லாமல் இருந்தான் எண்டு வேறு ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். இப்போது பெங்களூரில் இருக்கிறானாம். அந்தக் கொப்பி என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது. போன சனிக்கிழமை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.